ஆடத்தக்க போர்

என்னிடம் பதினேழு போர்க்கப்பல்கள் இருக்கின்றன. ஒரு பழைய இனிப்புப் பெட்டியில் பஞ்சு விரித்துப் படுக்கவைத்தால் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஒன்றுக்கு 2400 என்ற அளவில் செய்தவை. சில வெள்ளீயக் கலவையில் வார்த்தவை, சில பிசினில் த்ரீ-டி பிரிண்ட் எடுத்தவை. முதல் உலகப் போர்க்காலத்துக் குரூசர் ஒன்று என் சுண்டுவிரல் நீளம்தான். அதன் புகைபோக்கிக்குச் சாயம் பூச ஆகச் சிறிய பிரஷ் வேண்டும். சாளேசுரம் தொடங்கிவிட்ட கண்ணுக்கு ஒரு பூதக்கண்ணாடியும் வேண்டும்.

இவை அலங்காரப் பொருள்கள் அல்ல, ஆடுவதற்கானவை. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வரலாற்றுப் போர்களை மேசைமேல் ஆடிப்பார்க்கும் ஒரு பொழுதுபோக்கு நீண்ட காலமாக இருக்கிறது. அளவுநாடா, பகடை, விதிநூல், இரண்டு தரப்பு. கப்பல்கள் 1200இல், 2400இல், 3000இல் ஒரு பங்கு என்ற அளவுகளில் கிடைக்கும். தரைப்படை வீரர்கள் 6, 15, 28 மில்லிமீட்டர் உயரத்தில் வருவார்கள். நெப்போலியன் காலத்து ரெஜிமென்ட் ஒன்றின் சட்டைக் கழுத்துப்பட்டை மஞ்சளா வெளிர்மஞ்சளா என்று மாதக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு. உண்மையில் ஆடுவது எப்போதாவதுதான். வாங்குவதும் தேடுவதும் சாயம் பூசுவதும்தான் ஆண்டு முழுக்க நடக்கும். வாங்கிக் குவித்துச் சாயம் பூசாமல் கிடப்பதை அவர்களே ஈயமலை என்று கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள். நம் வீட்டு அலமாரியில் தைக்கக் கொடுக்காமல் கிடக்கும் ரவிக்கைத் துணிகளை நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும்.

எனக்கு வரும் பொட்டலங்களில் பாதி, பெயர் தெளிவாக இருந்தும், 'மிஸ்டர்' என்று முகவரியிட்டே வருகின்றன. இதில் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பழக்கத்தின் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். என்னைத் தொந்தரவு செய்தது உடன் பணிபுரியும் ஒருவரின் கேள்வி. "மேடம், போருக்கு எதிரா கவிதை எழுதறீங்க, வீட்ல போர்க்கப்பல் வாங்கி அடுக்கறீங்க. இது எப்படி?" அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. ஆகவே பதிலும் கிண்டலாக இருக்க முடியாது.

இரண்டு பதில்கள் உடனே கிடைக்கும். 'வெறும் பொம்மைதானே' என்பது ஒன்று. 'போரைக் கொண்டாடுகிற எதுவும் தவறு, தூக்கி எறி' என்பது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறிப் பதில்கள் என்பது என் எண்ணம். பொம்மையால் ஒன்றும் ஆகாது என்றால், உலகம் முழுக்கப் பெண்பிள்ளைக்குச் சொப்பும் ஆண்பிள்ளைக்குத் துப்பாக்கியும் இவ்வளவு கவனமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்காது. மறுபக்கம், போரைச் சிறிதாக்கிப் பார்ப்பதே பாவம் என்றால் போர் பற்றிய கவிதையும் வரைபடமும்கூடப் பாவம்தான்.

சிறிதாக்குவதை நியாயப்படுத்திய முக்கியமான குரல் எச்.ஜி. வெல்ஸுடையது. 1913இல் அவர் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். பொம்மை வீரர்களையும், மரக்குச்சியைக் குண்டாக எய்யும் சுருள்வில் பீரங்கியையும் வைத்துத் தரையில் ஆடும் ஆட்டத்துக்கு விதிகள் வகுத்த நூல் அது. இந்தப் பொழுதுபோக்கின் தந்தை என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். அந்த நூலின் துணைத் தலைப்பு, பன்னிரண்டு வயது முதல் நூற்றைம்பது வயது வரையிலான ஆண்பிள்ளைகளுக்கும், ஆண்பிள்ளைகளின் விளையாட்டை விரும்பும் சற்றுக் கூடுதல் அறிவுள்ள பெண்பிள்ளைகளுக்கும் இது உரியது என்கிற தொனியில் இருக்கும். அந்தச் சற்றுக் கூடுதல் அறிவுக்குள் என்னை அனுமதித்ததற்கு நன்றி சொல்வதா, சொல்லாமல் விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மிஸ்டர் பொட்டலங்களின் மூதாதை அந்தத் துணைத் தலைப்புதான்.

வெல்ஸின் வாதம் எளியது. சிறிய போரை மூன்று நான்கு முறை ஆடியவனுக்குப் பெரிய போர் எவ்வளவு மடத்தனமான குளறுபடி என்று விளங்கிவிடும். ஆடினால் போர்வெறி தணியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புத்தகம் வந்த மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. வெல்ஸ் அதை எதிர்க்கவில்லை. போரை ஒழிக்கப்போகும் போர் இது என்ற தலைப்பில் கட்டுரைகள் எழுதி ஆதரித்தார். தரையில் பொம்மைகளைச் சாய்த்துக் கற்ற பாடம் அவரையே ஓர் ஆண்டுகூடக் காப்பாற்றவில்லை. அதனால், ஆட்டம் மனிதர்களை அமைதிக்குப் பழக்கும் என்ற கூற்றை நான் பிடித்துக்கொள்ள மாட்டேன்.

தமிழ் இலக்கியம் பயிற்றுவிக்கும் ஒருத்திக்கு இந்த இடத்தில் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வராமல் இருக்காது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்களில் ஆண்குழந்தை சிறுபறை முழக்குகிறது, சிறுதேர் உருட்டுகிறது. முரசும் தேரும் போர்க்கருவிகள். அவற்றைச் சிறிதாக்கிக் குழந்தையின் கையில் கொடுத்திருக்கிறோம். அதே வரிசையில் சிற்றில் பருவமும் உண்டு. அங்கே சிறுமிகள் மணலில் சின்ன வீடு கட்டியிருப்பார்கள், எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று அந்தக் குழந்தையிடம் கெஞ்சுவார்கள். இதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவிகள் சிரிப்பார்கள். பிறகு ஒருத்தி சிரிப்பை நிறுத்துவாள். பெண்பால் பிள்ளைத்தமிழில் கழங்கும் அம்மானையும் ஊசலும் இருக்கின்றன. சிறுதேர் இல்லை. யாருடைய வீட்டையும் இடிக்கும் பருவமும் இல்லை.

இதைச் சொன்னதும் பெண்கள் கையில் சிறுதேர் கிடைத்தால் உலகம் மாறிவிடும் என்று நான் சொல்லப்போவதாக எதிர்பார்க்க வேண்டாம். கிடைத்த கதை ஒன்று இருக்கிறது. 1826 ஜூனில் இங்கிலாந்தின் ஹாவர்த் ஊர்ப் பாதிரியார் பேட்ரிக் ப்ரான்ட்டே, லீட்ஸ் நகரிலிருந்து பன்னிரண்டு மரவீரர்களை வாங்கிவந்தார். மகன் பிரான்வெலுக்காக வாங்கியது. மறுநாள் காலை மூன்று மகள்களும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். பத்து வயது ஷார்லட் தன் வீரனுக்கு வெலிங்டன் பிரபு என்று பெயர் வைத்தாள். அந்தப் பன்னிரண்டு பொம்மைகளிலிருந்து ஒரு கற்பனை தேசமே முளைத்தது. பொம்மைகள் படிக்கத் தோதாக, உள்ளங்கைக்குள் மறையும் அளவில் கையெழுத்துப் புத்தகங்களைத் தைத்தார்கள். 'ஜேன் ஐர்' எழுதிய கை பழகியது அந்தப் பொடி எழுத்தில்தான். எனக்கு மிகவும் பிடித்த இலக்கியச் செய்தி இது. ஆனால் முழுதாகச் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணாடி நகரத்தை அவர்கள் நிறுவியது மேற்கு ஆப்பிரிக்கக் கரையில், அசாந்தி மக்களோடு போரிட்டு. பெண்பிள்ளைகள் எடுத்ததும் பொம்மைவீரன் கையிலிருந்த துப்பாக்கி பூவாகிவிடவில்லை.

ஆக, ஆட்டம் நம்மை நல்லவர்களாக்கவும் இல்லை, கெட்டவர்களாக்கவும் இல்லை என்றால் கேள்வி வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்று எனக்குக் காட்டியது என் முதல் கப்பல்.

அது எம்டன். இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 'அவங்க அப்பா ஒரு எம்டன்' என்றால் கண்டிப்பும் தந்திரமும் கொண்ட, யாரும் நெருங்க முடியாத ஆள் என்று பொருள். அப்பாவைச் சொல்வோம், மாமனாரைச் சொல்வோம், தலைமையாசிரியரைச் சொல்வோம். ஒரு போர்க்கப்பலின் பெயர் தமிழ் வீட்டு ஆண் அதிகாரத்துக்குச் சொல்லானது பற்றித் தனியாகவே எழுதலாம். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, கார்ல் ஃபான் முல்லர் தலைமையிலான இந்த ஜெர்மன் குரூசர் மதராஸ் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மீது சுட்டது. தொட்டிகள் எரிந்தன, துறைமுகத்தில் நின்ற கப்பலில் ஆட்கள் செத்தார்கள். அரைமணி நேரம் இருக்கலாம். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசிவிட்டு இருட்டில் போய்விட்டது. அடுத்த நாள்களில் ஆயிரக்கணக்கானவர்கள் நகரைவிட்டு ஓடினார்கள். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி, எம்டனை அடித்து நொறுக்கியது. எம்டனில் நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

என் எம்டனுக்குச் சாம்பல்நிறம் பூசி, மூன்று புகைபோக்கிகளையும் ஒட்டி, கொடிமரத்துக்கு ஊசிக்கம்பி வெட்டி வைத்த பிறகு, எந்தப் போரை ஆடலாம் என்று யோசித்தேன். இயல்பாக மதராஸைத்தான் ஆட நினைத்தேன். நம் ஊர், நம் சொல். ஆட முடியவில்லை. ஏனென்றால் எதிர்த்தரப்பு இல்லை. கரையிலிருந்த பீரங்கிகள் காலம் கடந்து சில குண்டுகளைப் போட்டதோடு சரி. எண்ணெய்த் தொட்டி நகராது, சுடாது. ஓடுகிறவர்களுக்குப் பகடை இல்லை. மேசைப்போர்க்காரர்களின் கணக்கில் அது ஒரு போரே இல்லை, இலக்குப் பயிற்சி. எம்டனை வைத்திருக்கிறவர்கள் ஆடுவது கோக்கோஸைத்தான். அங்கே சிட்னி இருக்கிறது. இரண்டு கப்பல், இரண்டு கேப்டன், இருவருக்கும் முடிவெடுக்க ஏதோ இருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்கின் அறக்கேள்வி இங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆடுவதற்கு இரண்டு தரப்பு வேண்டும், இரண்டுக்கும் ஆயுதம் வேண்டும், இரண்டுக்கும் முறை வரவேண்டும். நடந்த போர்களிலிருந்து ஆடத்தக்கதை மட்டும் பொறுக்கி எடுக்கிறோம். ஆடத்தகாதது தானாகவே உதிர்ந்துவிடுகிறது. யாரும் அதை மறைக்க நினைத்ததில்லை. விதிநூலின் அமைப்பே அதை வடிகட்டிவிடுகிறது. உதிர்ந்த பகுதியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். முற்றுகைக்குள் உலை வைத்தவள், ரயிலுக்கு ஓடியவள், படை கடந்துபோன பின் கிணற்றடியில் கிடந்தவள். பெரும்பாலான பெண்கள் சந்தித்த போர் ஒரு தரப்பு மட்டுமே நகர்கிற போர்.

1782இல் நம் கடற்கரையோரம் நடந்த சண்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் அந்த ஓராண்டில் மட்டும் நான்கு முறை மோதினார்கள். பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால், ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு அப்பால். பாய்மரக் கப்பல் சேகரிப்பவர்களுக்கு இவை தேன். வரிசைக்கு வரிசை சமமான பலம், யாருக்கும் முழு வெற்றி இல்லை. அதே ஆண்டுகளில் கரையின் உள்ளே ஹைதர் அலிக்கும் கம்பெனிக்கும் நடந்த போரில் கர்நாடகப் பகுதி கருகிக்கொண்டிருந்தது. பஞ்சம் வந்தது. அந்த மேசையில் நம் கரை என்பது மேசையின் விளிம்பு. அதைத் தாண்டினால் கப்பல் ஆட்டத்திலிருந்து வெளியே.

தொல்காப்பியம் புறத்தைப் பகுத்தபோது போருக்குத் தும்பை, வெற்றிக்கு வாகை என்று வைத்துவிட்டு, காஞ்சி என்று ஒன்றையும் வைத்தது. நிலையாமையைச் சொல்லும் திணை. புண்பட்டுக் கிடப்பவனைக் காத்திருக்கும் மனைவியும் கணவனை இழந்தவளின் தாபத நிலையும் வருவது அங்கேதான். நம் மரபு பெண்களுக்கு நியாயம் செய்துவிட்டது என்று பெருமை பேச நான் இதைக் குறிப்பிடவில்லை. காஞ்சியிலும் அவள் புலம்பத்தான் வருகிறாள், பேச வரவில்லை. ஆனாலும் போரைப் பற்றிய ஒரு விதிநூலில் அந்தப் பக்கம் இருந்தது. மேசைப்போரின் விதிநூல்கள் தும்பையில் தொடங்கி வாகையில் முடிந்துவிடுகின்றன.

பெண்கள் மேசைக்கருகே வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறார்கள். ஒருமுறை வந்தபோது உலகப் போரின் போக்கிலேயே அவர்கள் கை இருந்தது. இங்கிலாந்தின் லிவர்பூலில், டெர்பி ஹவுஸ் என்ற கட்டடத்தின் மேல்மாடியில், 1942 ஜனவரியில் ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. காசநோயால் கடற்படைப் பணியிலிருந்து விலக்கப்பட்டிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் அதற்குத் தலைவர். அவருக்குக் கீழ் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். ரென் என்று அழைக்கப்பட்டவர்கள், ஒரு சின்னப் பறவையின் பெயர். பலருக்கு இருபது வயதுதான். அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல் தொடர்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் எப்படி அடிக்கின்றன என்று தரையில் ஆடிப்பார்ப்பது அவர்கள் வேலை.

தரையே கடல். நகர்வுக்கு இரண்டு நிமிடம். காவல்கப்பலின் தளபதியாக ஆடுபவர் திரைக்குப் பின்னால் நின்று, ஒரு சிறு துளை வழியாக மட்டுமே தரையைப் பார்க்க வேண்டும். கப்பல்களின் தடத்தை ரென்கள் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரைவார்கள். நீர்மூழ்கியின் தடத்தை மட்டும் பச்சையால் வரைவார்கள். பழுப்புத் தரையில், அந்தத் துளையின் கோணத்தில், பச்சை தெரியாது. பார்க்க முடிந்ததும் பார்க்க முடியாததும் இவ்வளவு நேர்மையாகக் கட்டப்பட்ட ஓர் ஆட்டத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. நீர்மூழ்கிகள் வெளியிலிருந்து சுடவில்லை, இரவில் பின்புறமாக வந்து கப்பல் தொடரின் உள்ளேயே நுழைந்து சுடுகின்றன என்பது அந்தத் தரையில்தான் வெளிப்பட்டது. அதற்கு எதிராக வகுத்த முதல் உத்திக்கு 'ராஸ்ப்பெரி' என்று பெயர் வைத்தவர் ஜீன் லெய்ட்லா என்ற ரென். உதட்டைக் குவித்துப் பழிப்புக் காட்டுவதற்கு ஆங்கிலேயர் அந்தப் பழத்தின் பெயரைச் சொல்வதுண்டு. ஹிட்லருக்கு ஒரு பழிப்பு. தானே நீர்மூழ்கித் தளபதியாக இருந்த அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டன், ஜேனட் ஓகெல் என்ற இளம்பெண்ணிடம் இந்தத் தரையில் அடுத்தடுத்துத் தோற்ற கதையும் பிரபலமானது. கடலில் ஒருநாளும் கால் வைக்காத பெண்கள், போருக்குப் போகும் அதிகாரிகளுக்குப் பாடம் எடுத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே பயின்று போனார்கள்.

முதலில் இதைப் படித்தபோது மகிழ்ச்சியில் தூங்கவில்லை. வகுப்பில் சொன்னேன், கூட்டங்களில் சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னொரு பக்கமும் தெரியத் தொடங்கியது. ஜெர்மன் நீர்மூழ்கிகளில் கடலுக்குப் போன நாற்பதாயிரம் பேரில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் திரும்பவில்லை. அவர்களும் இருபது வயதுக்காரர்கள். நாஜிகளுக்கு எதிரான போர் நடந்தே ஆகவேண்டியிருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ரென்களின் சுண்ணக்கட்டியால் பிழைத்த மாலுமிகள் ஏராளம். அந்தச் சரக்குக் கப்பல்களின் அடித்தளத்தில் கரி அள்ளிய லாஸ்கர்கள், நம் துணைக்கண்டத்துக் கடலோடிகள், ஆயிரக்கணக்கில் அந்தப் போரில் மூழ்கினார்கள். இன்னும் அதிகமாக மூழ்காமல் தடுத்ததில் அந்தத் தரைக்கும் பங்குண்டு. ஆனால் 'மேசையில் இடம் கிடைத்தது' என்பதையே விடுதலையாக எண்ணிக் கைதட்டும் பெண்ணியத்தோடு எனக்கு உடன்பாடில்லை. யாருடைய மேசை, எதற்கான மேசை என்று கேட்காமல் நாற்காலியை மட்டும் கேட்கக் கூடாது. ரென்கள் விஷயத்தில் கேட்டுப்பார்த்தேன். இந்த மேசைக்கு ஆம் என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது. எல்லா மேசைக்கும் அப்படிச் சொல்ல முடியாது.

கேரல் கோன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1987இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இந்த இடத்தில் உதவும். அணுஆயுத உத்தி வகுக்கும் ஆண்களின் நடுவே சில காலம் இருந்து அவர்கள் பேசும் மொழியைக் கற்றார் அவர். அந்த மொழி பேச இன்பமாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறார். சுருக்கப் பெயர்கள், வேகம், கட்டுப்பாடு கைக்கு வந்த உணர்வு. ஆனால் அந்த மொழிக்குள் நின்றுகொண்டு குண்டு விழுகிற இடத்து மனிதரைப் பற்றிப் பேச வழியே இல்லை. அந்த மொழியில் வாய் திறக்கிறவர் எப்போதும் ஆயுதம் வைத்திருப்பவரின் இடத்திலிருந்தே பார்ப்பார். மேசைமேல் குனியும்போது எனக்கும் அந்த இன்பம் வருகிறது. வராததுபோல் எழுத மாட்டேன். மேலிருந்து பார்ப்பது, எல்லாம் தெரிவது, விரல் நுனியால் ஒரு கப்பலை நகர்த்துவது. சமையலறையிலும் துறைக் கூட்டத்திலும் எனக்குக் கிடைக்காத உயரம் அது.

அந்த உயரத்தில் கண்ணில் படாத இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பொம்மைகளுக்குச் சாயம் பூசியவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூரம்பெர்க் நகரின் தட்டைத் தகர வீரர்கள் உலகமெங்கும் விற்றார்கள். வார்ப்பது பட்டறையில், சாயம் பூசுவது வீடுகளில். பூசியவர்களில் பெண்களும் குழந்தைகளும் நிறைய. லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கியது. வெல்ஸ் தரையில் சாய்த்தது பெரும்பாலும் இவர்களைத்தான். அவர்களின் சிவப்புச் சட்டையும் பெண்களின் கைவேலை. சிறிய போர் தொடங்கும் முன்பே ஒரு பெண்ணின் கண் அதில் செலவாகியிருக்கிறது. அந்த வேலை இப்போது வேறு திசைக்குப் போயிருக்கிறது. மேற்கத்திய சேகரிப்பாளர்கள் தங்கள் ஈயமலையைப் பொட்டலம் கட்டி இலங்கைக்கு அனுப்புகிறார்கள். அங்கே பொம்மைகளுக்குச் சாயம் பூசித் திருப்பியனுப்பும் பட்டறைகள் உண்டு. 2009க்கு முன்பும், போர் நடந்துகொண்டிருந்தபோதே, இந்த வேலை நடந்தது. வாட்டர்லூவின் குதிரைவீரனுக்குக் கண் எழுதும் தீவில் வேறொரு போர். அந்தப் போர் எந்த மேசைக்கும் வேண்டாம். வேண்டும் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதே என் அச்சம்.

உதிர்ந்தவர்களை மேசையில் சேர்த்துவிட்டால் போதாதா? சேர்த்துத்தான் இருக்கிறார்கள். பண்டைக்காலப் போர்களுக்கான சில விதிநூல்களில் பாசறையும் உண்டு, பாசறையைப் பின்தொடரும் கூட்டமும் உண்டு. பெண்கள் உருவில் வரும் பொம்மைகளில் கணிசமானவை அந்தப் பின்தொடர்பவர்கள்தான். மீதி, பூடிக்காவும் ஜோன் ஆஃப் ஆர்க்கும். பாசறை பிடிபட்டால் எதிரிக்கு ஆதாயம், பெண்கள் ஒரு புள்ளிக்கணக்கு. இப்படிச் சேர்ப்பதைவிடச் சேர்க்காமலிருப்பது மேல். இல்லாமல் இருந்தால் இல்லை என்றாவது தெரியும்.

வேறு மாதிரி சேர்த்தவர் பிரெண்டா ரொமேரோ. விளையாட்டுகளை வடிவமைப்பவர், பெண். 2009இல் 'ட்ரெயின்' என்று ஒரு மேசை ஆட்டம் செய்தார். ஆடுகிறவர்கள் சிறிய மஞ்சள் உருக்களை ரயில் பெட்டிகளில் திணித்து, தடைகளைத் தாண்டி, வண்டியைச் சீக்கிரம் கொண்டுசேர்க்க வேண்டும். சேர்ந்த பிறகுதான் போய்ச்சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ் என்று தெரியும். ஆடியவர்களில் அழுதவர்கள் உண்டு. எதிர்த்தரப்பு இல்லாத ஒன்றை ஆடவே முடியாது என்று நான் நினைத்திருந்த இடத்தில், ஆடவைத்து, ஆடியவரையே அந்த ஒற்றைத் தரப்பாக நிறுத்திவிட்டார். ஆனால் இதை ஒருமுறைதான் ஆட முடியும். மறுமுறை ஆடுகிறவருக்கு என்ன நோக்கம் இருக்க முடியும்?

எனக்கு ஒருமுறையோடு முடியாத ஒன்று வேண்டும். அதனால் சில மாதங்களாக மதராஸுக்கு ஒரு விதித்தாள் எழுதிப்பார்க்கிறேன். வெளிர்நீலத் துணி கடல். 2400இல் ஒரு பங்கு என்றால் துறைமுகத்திலிருந்து சென்ட்ரல் ரயில் நிலையம் ஏறக்குறைய முக்கால் மீட்டர் தள்ளி வருகிறது. எழும்பூர் மேசையைவிட்டே இறங்கிவிடுகிறது, ஒரு ஸ்டூல் போட வேண்டியிருக்கிறது. ஆட்களுக்கு என்ன செய்வது என்று கணக்குப் போட்டேன். இந்த அளவில் ஒரு பெண்ணின் உயரம் முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. எந்த நிறுவனமும் அதை வார்க்க முடியாது. வீட்டிலேயே இருந்தது. ரவை. ஒரு கைப்பிடி ரவையை ஜார்ஜ் டவுனில் தூவினேன். பார்க்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. மூச்சை அழுத்தி விட்டால் பறக்கிறது.

எம்டனுக்கான விதிகள் இரண்டு நாளில் எழுதி முடிந்தன. பத்து பீரங்கி, தூரத்துக்கேற்ற பகடை, தேடொளி விளக்கு, கரையிலிருந்து பதில் வந்தால் எப்போது திரும்ப வேண்டும். எல்லாம் ஏற்கெனவே இருக்கிற விதிநூல்களிலிருந்து எடுத்துத் திருத்தினால் போதும். ரவைக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒரு முறைக்கு எவ்வளவு தூரம் நகரும்? குழந்தை இடுப்பிலிருந்தால்? புருஷன் வராமல் கிளம்ப மாட்டேன் என்று ஒரு மணி நின்றால், அதற்குப் பகடையா? குண்டு முப்பது நிமிடத்தில் நின்றுவிடும், ஓட்டம் பல நாள் நடக்கும். அப்படியானால் எம்டன் மேசையைவிட்டுப் போன பிறகும் ஆட்டம் தொடர வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் அப்போது என்ன செய்வார்? எழுந்துபோய்த் தேநீர் போடலாம் என்று எழுதிவைத்திருக்கிறேன். அது வேடிக்கைக்கு எழுதியதல்ல.

முதுகலை மாணவி ஒருத்தி வந்து இரண்டு மணி நேரம் இதை என்னோடு ஆடிப்பார்த்தாள். ரவைப் பக்கத்தை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு சிட்டிகையைத் தங்கசாலைத் தெருப் பக்கத்திலிருந்து சென்ட்ரல் வரை தள்ளிக்கொண்டு போய்விட்டு, "இவங்க ஜெயிச்சாங்களா மேடம்?" என்றாள். உயிரோடு சேர்ந்துவிட்டார்கள் என்றேன். "அப்ப திரும்பி வர்றதுக்கும் விதி வேணுமே. வீடு பூட்டாம வந்திருப்பாங்க" என்றாள்.

விதித்தாளின் மூன்றாம் பக்கத்தில் 'திரும்பி வருதல்' என்று தலைப்பு எழுதியிருக்கிறேன். கீழே இன்னும் எழுதவில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் தன் தோழிகள் இருவரையும் அழைத்துவருகிறாள், ரவை போதாது.